மப்புக்குள் அரக்கிய வேலி

மேற்குப் பக்கத்து வளவுக்காரன் மார்க்கண்டு நல்ல மனிதன்தான். வேலி அடைக்கும் நாளில் மட்டும் அவனை நம்பக்கூடாது. 1986 சித்திரையில் நான் சாவகச்சேரிக்குக் கலியாணத்துக்குப் போய்வந்த இரண்டு நாளில், ஓலைக் கிடுகு மாற்றுகிற சாட்டில் வேலிக் கதியால் தடிகளைப் பிடுங்கி, மூன்று முழம் என் பக்கம் அரக்கி நட்டுவிட்டான். என் கறுத்தக்கொழும்பான் மாமரம் அவன் வளவுக்குள் போய்விட்டது, மரம் நிறையக் காயோடு. பதினாறு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம், ஐயா!

கேட்டால், "வேலி எப்பவும் உங்கைதானே நிண்டது, சீவரத்தினம் அண்ணை" என்கிறான். ஊர் விதானையாரிடம் முறையிடப் போகலாம். அவர் வந்து அளந்து முடிப்பதற்குள் பழம் முழுக்க இவன் வயிற்றுக்குள் போய்விடும்.

அடுத்த மாதம் பேப்பரில் ஒரு படம் வந்தது. சோவியத் நாட்டில் வெடித்த அணுஉலையை, வானத்தில் சுற்றும் செய்மதி மேலிருந்து எடுத்த படம். பக்கத்திலேயே, வெடிக்குமுன் எடுத்த பழைய படம். அளவெட்டியில் எங்கள் வாசிகசாலையில் பேப்பரை உரத்து வாசிப்பவன் நான்தான். அன்றைக்கு மார்க்கண்டு முன்வாங்கில் இருந்தான். விடுவேனா?

"பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்திலை வைச்சுப் பாத்து, எது மாறினது எண்டு பிடிச்சுப்போடுவாங்களாம்" என்று பேப்பரில் இருந்ததை வாசித்தேன். பிறகு பேப்பரில் இல்லாததையும் வாசித்தேன். "உலை மட்டுமில்லை, எல்லா ஊரையும் எடுக்குதாம். அளவெட்டியும் அதுக்குள்ளை."

மார்க்கண்டு நெளிந்தான். "ஹெலிகொப்டர் வந்தால் சத்தம் கேக்கும். உந்தச் செய்மதி?"

"ஒரு சத்தமும் இல்லை."

"வேலியும் தெரியுமோ அண்ணை?"

"கதியாலை எண்ணலாம்."

உண்மையில் அந்தப் படத்தில் உலைக் கட்டிடமே மிளகளவுதான். அதை நான் ஏன் சொல்லப்போகிறேன்?

அவன் தலையைச் சொறிந்தான். "முகில் மூடி மப்புப் போட்டால்?"

"மப்புக்குள்ளை ஆர் என்ன செய்தாலும் தெரியாது." இது மட்டும் சத்தியமான வார்த்தை.

அதன்பிறகு மார்க்கண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே திரிந்தான். இரண்டு தரம் வாய்க்காலுக்குள் விழுந்தான் என்று கேள்வி. ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மப்பு. விடிந்ததும் மேற்கே கதியால் கிளப்பும் அலவாங்குச் சத்தம். நான் எட்டிப் பார்க்கவில்லை. தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். பின்னேரம் வேலி பழைய இடத்தில் நின்றது. மரம் என் பக்கம்!

முதற்பழம் பழுத்தது. மரத்தடியிலேயே நின்று, முழங்கை வரை சாறு வழியத் தின்றேன். என்ன சந்தோசம்! அப்போது கிழக்கு வேலிப் பொட்டுக்குள்ளால் நல்லம்மா தலையை நீட்டினாள். அந்தப் பக்கத்து வளவுக்காரி. கையில் அதே பேப்பர்.

"அண்ணை, உந்தச் செய்மதிக்காரருக்கு எழுதி எனக்கும் ரண்டு படம் எடுப்பிச்சுத் தாறீங்களே? போன வருசம் நீங்கள் இந்த வேலி அடைக்கமுந்தி எடுத்தது ஒண்டு. அடைச்சாப்பிறகு எடுத்தது ஒண்டு."

அவளுடைய இரண்டு தென்னையும் ஒரு வருடமாக என் வளவுக்குள்தான் நிற்கின்றன. வானத்தைப் பார்த்தேன். மருந்துக்குக்கூட ஒரு முகில் இல்லை.

"மப்புப் போடட்டும், நல்லம்மா. பாப்பம்."

"மப்பு என்னத்துக்கு அண்ணை? நான் பாத்துக்கொண்டுதானே நிக்கிறன்."

கையைக் கழுவிவிட்டு அலவாங்கை எடுக்கப் போனேன்.