அரை மில்லிமீட்டர்

திரையில் அம்மன் சிலையின் முகம் சிவந்து கிடந்தது. போன வருடம் எடுத்த முப்பரிமாண ஸ்கேனையும் இன்று எடுத்ததையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், பொருந்துகிற இடம் பச்சையாகவும் பொருந்தாத இடம் சிவப்பாகவும் தெரியும். முகத்தில் அரை மில்லிமீட்டர் குறைந்திருந்தது. ஸ்கேன் எடுத்த முத்தமிழ் செயலாளரைக் கூப்பிட்டாள்.

“அச்சு எடுத்து நகல் வார்த்தா சிலை சுருங்கும். இது டூப்ளிகேட்டேதான்!” என்றார் ஸ்டெஃபான். காரைக்காலில் அந்தச் சின்ன அருங்காட்சியகத்தை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர் அவர். விஷயம் தெரிந்த மனிதர்தான், ஆனால் அரைகுறை. அரைகுறையிடம் மாட்டினால் அவ்வளவுதான்.

அலமாரிச் சாவி இருபது வருடமாகக் காவலாளி சின்னப்பிள்ளையிடம் இருக்கிறது. பிறகென்ன, போலீஸ் வந்துவிட்டது.

“சத்தியமா இது நம்ம அம்மாதாங்க. தெனம் பாக்குறவனுக்குத் தெரியாதுங்களா?” என்றார் சின்னப்பிள்ளை.

“எவ்வளவுக்கு வித்தே, அதச் சொல்லு,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

முத்தமிழ் திரையில் சிலையைத் திருப்பினாள். முதுகு, இடுப்பு, பீடம் எல்லாம் பச்சை. சுருங்கினால் எல்லாமல்லவா சுருங்க வேண்டும்? சிவப்பு கழுத்தோடு நின்றிருந்தது. அடக் கடவுளே!

வெண்கலப் பளபளப்பில் ஸ்கேனர் தடுமாறும் என்பதால் மெல்லிய வெள்ளைப் பூச்சை ஸ்ப்ரே செய்துகொள்வார்கள். போன வருடம் கழுத்து வரை வந்தபோது ஸ்ப்ரே தீர்ந்துவிட்டது. புதுசு கூரியரில் வர நாலு நாளாகும். வேலைக்குச் சேர்ந்த புதிது, ஸ்டெஃபானோ ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று பறந்தார். சின்னப்பிள்ளையிடம் விபூதி வாங்கி, தண்ணீரில் குழைத்து முகத்தில் பூசி, அதன்மேலேயே ஸ்கேன் எடுத்தாள். அறிக்கையில் ‘ஸ்ப்ரே’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். இன்று பூசியது ஸ்ப்ரேதான்; குறைந்திருப்பது அந்த விபூதியின் கனம்.

சொன்னால் வேலை போய்விடும். இனி எந்த அருங்காட்சியகமும் அவளைப் படியேற்றாது. பாழாய்ப்போன வாய் திறக்கவே இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதையே ஒரு மணி நேரம் மாற்றி மாற்றிக் கேட்டார். சின்னப்பிள்ளை சொன்னதையே சொன்னார். கடைசியில் சப்-இன்ஸ்பெக்டர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தபோதுதான் முத்தமிழ் எழுந்தாள்.

“விடுங்க சார்! தப்பு என்னுது.”

எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை முதுகைக் காட்டினாள். சப்-இன்ஸ்பெக்டர் சட்டையை விட்டுவிட்டு ஸ்டெஃபானை முறைத்தார். ஸ்டெஃபான் அவளிடம் கையை நீட்டினார். அவள் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

“எப்பம்மா தெரிஞ்சுது உங்களுக்கு?” என்றார் சின்னப்பிள்ளை.

“ஒரு மணி நேரமாச்சுண்ணே.”

அவர் கிழிந்த காலரைத் தடவிக்கொண்டார்.

“நான் எடுக்கலன்னு தெரிஞ்சும் என்னைத் திருடன்னு சொல்ல விட்டுட்டு உக்காந்திருந்தீங்களேம்மா.”

சொல்லிவிட்டு அவர் வெளியே நடந்தார். “மன்னிச்சிருங்கண்ணே,” என்று முத்தமிழ் பின்னால் ஓடினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.