கட்டியவர் பெயர் காலி

தென்னேரிக்குப் போகிற வழியில்தான் எங்கள் கல்கட்டு ஏரி. கரையின் நடுப்பகுதி முழுக்கக் கருங்கல். ஆயிரம் வருஷமாக ஒரு கல்லும் நகரவில்லை என்பார்கள். இடையில் நவாபின் ஆள் ஒருவர் மதகைச் சரிசெய்தார், வெள்ளைக்காரர் ஒருவர் உபரித் தண்ணீர் வழியும் கலங்கலை உயர்த்தினார் என்றும் சொல்வதுண்டு. நெல்லுக்குப் பாய்ச்சல், எருமைக்குக் குளியல், மீன் குத்தகை, சாயமேற்றிய பட்டு அலசுவது என்று எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்த ஏரி. அதற்கு ஆயிரமாவது ஆண்டு விழா எடுக்கிறோம் என்று இரண்டு பெரிய மனிதர்கள் கிளம்பினார்கள். அன்றைக்குப் பிடித்தது ஏரிக்குச் சனி.

ஒருவர் கோதண்டபாணி, பட்டுக்கடை முதலாளி, ஏரிச் சங்கத் தலைவர். மற்றவர் சக்ரவர்த்தி, சின்ன காஞ்சிபுரத்து ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியர். பிள்ளையார்பாளையத்தில் அச்சகம் வைத்திருக்கும் எனக்கு அழைப்பிதழ் வேலை வந்தது. ஏரியின் படம் கொடுத்தார்கள், தெப்பம் விடுவதாக நிகழ்ச்சி நிரல் கொடுத்தார்கள். ‘ஏரியைக் கட்டியவர்’ என்ற இடம் மட்டும் காலியாகவே இருந்தது.

“எங்க பாட்டனுக்குப் பாட்டன் கட்னதுபா. எங்க வூட்ல கொயந்தைக்குக் கூட தெரியும்” என்றார் கோதண்டபாணி.

“பெருமாள் கைங்கர்யத்துக்காக எங்க முன்னோர் கட்டினது ஓய். பேரை மாத்திப் போட்டா நான் வரவே மாட்டேன்” என்றார் சக்ரவர்த்தி.

எங்கள் ஊரில் அழைப்பிதழில் யார் பெயர் முதலில் என்று முடிவாகாமல் பந்தலுக்குக் கால் நட மாட்டார்கள். கல்யாணங்களே இதனால் தள்ளிப்போயிருக்கின்றன. ஏரி எம்மாத்திரம்?

கரையின் அடிக்கல்லில் ஒரு கல்வெட்டு இருப்பதாகக் கேள்வி. தண்ணீருக்கு அடியில் கிடந்ததால் அதை யாரும் படித்ததில்லை. ஏரியை வற்றவைத்தால் படித்துவிடலாம் என்றார் சக்ரவர்த்தி. கோதண்டபாணி உடனே தலையாட்டினார். அந்த ஒரு விஷயத்தில்தான் இருவரும் ஒத்துப்போனார்கள்.

பெரிய பெரிய மோட்டார்கள் வந்து தண்ணீரை ஓடையில் இறைக்கத் தொடங்கியதும் கலையரசி ஓடி வந்தாள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் கழனியில் நடவு நட்ட குடும்பம். அவள்தான் முதன்முதலில் குத்தகைக்கு ஒரு ஏக்கர் எடுத்து நெல் வைத்திருந்தாள்.

“கதிரு பால் புடிச்சிக்கினு இருக்குது சார். இந்த நேரத்துல தண்ணி இல்லன்னா எல்லாம் பதராப் பூடும்.”

“இது சரித்திரம்மா. நெல்லு அடுத்த வருசமும் வெளையும்” என்றார் கோதண்டபாணி.

அறுப்பு வரைக்குமாவது பொறுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நீ அச்சடிக்கிற வேலையைப் பாரு என்றார்கள்.

ஏரி வற்றியது. மீன் செத்து ஊரே நாறியது. சேற்றைக் கழுவிவிட்டுச் சக்ரவர்த்தி கல்லின் முன் மண்டியிட்டுப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் சுருங்கியது. கட்டியவன் பெயரே அதில் இல்லை, ஒரு சாபம்தான் இருந்தது: ‘இவ்வேரி நீரைப் பயிருக்கன்றி வேறொன்றுக்கு விடுபவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் கொள்வான்.’

“இது அந்தக் காலத்து ஜனங்களுக்குச் சொன்னது” என்று அவர் விளக்கம் கொடுத்தார். சண்டைக்கு இடமில்லாமல் காலி இடத்தில் ‘மாமன்னர்’ என்று போட்டேன். கீழே இருவர் படமும், ஒரே அளவில்.

அப்புறம்தான் தெப்பம் விடத் தண்ணீர் இல்லை என்பது உறைத்தது. கரைக்கு வெளியே, கலையரசியின் வாய்க்கால் தலைப்பில் பள்ளம் தோண்டி, சுற்றிலும் மண் அணைத்து, தார்ப்பாய் விரித்தார்கள். ஏரிக்குள் இருந்த கிணற்றிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். “இதுவும் நம்ம ஏரித் தண்ணிதான்” என்று கோதண்டபாணி மைக்கில் பெருமை பேசினார்.

விழாவன்று இருவரும் மாலையோடு தெப்பத்தில் நின்றார்கள். சக்ரவர்த்தி தாம் கண்டுபிடித்த சாபத்தைக் கணீரென்று வாசித்தார். ஒரே கைதட்டல். கூட்டத்திலிருந்து மண்வெட்டியோடு கலையரசி முன்னால் வந்தாள்.

“இன்னொரு தபா படிங்க சார்.”

அவர் மகிழ்ந்துபோய் மறுபடியும் படித்தார்.

“இதுவும் ஏரித் தண்ணின்னு தலைவர் சொன்னாரே. அப்ப பயிருக்குத்தான சார் போவணும்?”

ஊரே கேட்க, மைக்கில், பசுவைக் கொன்ற பாவத்தை யார் ஏற்றுக்கொள்வார்கள்? அவள் தார்ப்பாயைக் கிழித்து மண்ணை வெட்டிவிட்டாள். தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. தெப்பம் சேற்றில் உட்கார்ந்தது. யார் முதலில் இறங்குவது என்று முடிவாகாமல் பெரியவர்கள் இருவரும் வெகுநேரம் அதிலேயே நின்றார்கள்.

அந்தத் தண்ணீர் பாதிக் கழனிக்குத்தான் எட்டியது. அந்தப் பாதி விளைந்தது, மீதி அத்தனையும் பதர். அறுப்பு முடிந்ததும் கலையரசி அந்தப் பதரை மூட்டை கட்டி, பட்டுக்கடைக்குள் கொண்டுபோய், கோதண்டபாணி உட்கார்ந்திருந்த வெள்ளை மெத்தையில் இறக்கினாள்.

“சரித்திரத்துல உங்க பங்கு சார் இது” என்றாள்.