நண்டு மணத்த சைவ வீடு

1943ஆம் ஆண்டு ஆவணி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை முற்பகலில், பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் சந்தைக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். வீட்டை நடத்திய நல்லம்மா. துறைமுக அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்துத் தலைமைக் கிளார்க்காக உயர்ந்த அவருடைய தம்பி தியாகராஜா. தியாகராஜாவின் தாயில்லா மகள் அருந்ததி. உப்புக் கேட்டு வந்த பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி. அக்கரைப் பாகான் டாலாமிலிருந்து சம்பான் படகில் கிழங்கு கொண்டுவந்து இறக்கிய அலாவுதீன். இந்த ஐந்து பேர் முன்னிலையில், உப்பும் மஞ்சளும் இரண்டு காய்ந்த செத்தல் மிளகாயும் மட்டும் போட்டு தியாகராஜா அவித்த மரவள்ளிக்கிழங்கு, நண்டுக் கறியாக மணத்தது. அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக மீனோ இறைச்சியோ எந்த மச்சமும் புகுந்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறியபோது நல்லம்மாவின் தகப்பனார், மீன் சமைத்த சட்டியில் சோறு ஆக்கியிருப்பார்களோ என்ற ஐயத்தில் ஒன்பது நாளும் வாழைப்பழம் மட்டும் தின்று பினாங்கில் இறங்கியவர்.

"ஐயோ, நண்டு!" என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவர் நல்லம்மாதான். அடுப்படியை ஐந்து பேரும் பார்த்தார்கள். சட்டிக்குள் கிழங்கைத் தவிர ஒன்றும் இல்லை. அலாவுதீன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, மென்று, "கெழங்குதான்லா" என்று ஏமாற்றத்தோடு சொன்னார். தனலெட்சுமி மட்டும் சும்மா இருக்கவில்லை. "ஏங்கா, மூணு தலைமுறையா சைவம்ங்கிறீங்க. எறா இல்ல, மீன் இல்ல, நண்டுன்னு எப்படிங்கா டக்குனு கண்டுபிடிச்சீங்க?"

"உப்புக்கு வந்தனீ, உப்பை வாங்கிக்கொண்டு போ" என்றார் நல்லம்மா.

இந்தக் கேடு வந்த வழி மிகச் சாதாரணமானது. ஜப்பான்காரன் வந்து, புது மொழி படித்தால்தான் நாற்காலி என்று சொன்னபோது, தியாகராஜா தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதுவரை நல்லம்மாவுக்குப் பெருமைதான். ஆனால் நல்லம்மா மலேரியா கண்டு பத்து நாள் படுத்தபோது அடுப்படிக்குள் நுழைந்த தம்பி, அக்கா எழுந்த பிறகும் வெளியே வரவில்லை. கோட்டும் டையும் போட்டு நடந்த மனிதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிழங்கு சுரண்டுவதைக் கண்டு நல்லம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, இது ஹொபி, பொழுதுபோக்கு. வேலையை விட்டாப்பிறகு வெள்ளைக்காரன் தோட்டம் கொத்துறானெல்லே, அது மாதிரி" என்றார் தம்பி. "அவன் கொத்தட்டும். நீ சட்டி சுரண்டினா ஊர் என்ர முகத்திலயெல்லே காறித் துப்பும்!" என்றார் அக்கா. முதல் மாதம் தியாகராஜாவின் சமையல் தீய்ந்துபோய் தீய்ந்த மணமே மணத்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் மாதம் உப்புப் பதம் பிடிபட்டது. கிழங்கு கருவாடாக மணத்தது. நல்லம்மா அந்தப் பழியைத் தனலெட்சுமி வீட்டின் மேல் போட்டார். மூன்றாம் மாதம் தீயை அடக்கி எரிக்கப் பழகினார், இறால் மணத்தது. கை தேறத் தேற மணமும் ஏறியது. நண்டுக்கு வந்து சேர்ந்ததும் வேலிக்கு அப்பாலும் போய்விட்டது. வாயில் போட்டால் வெறும் கிழங்கு. நல்லம்மா சமைத்தாலோ கிழங்கு கிழங்காகவே மணத்தது. அந்த வித்தியாசமும் அவருக்குப் பிடிக்கவில்லை.

தியாகராஜாவுக்கு இன்னொரு ஹொபியும் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய 1941 டிசம்பரில், துறைமுக அலுவலகத் துரையின் மனைவி குளிர்நாட்டுச் சிப்பாய்களுக்குக் காலுறை பின்னவென்று வைத்திருந்த கூடையை அவரிடம் விட்டுப்போயிருந்தாள். சாம்பல் நிறக் கம்பளி நூல், நான்கு ஊசி, பின்னல் பழக ஒரு சிறு புத்தகம். வியர்த்துக் கொட்டும் ஊரில் கம்பளி பின்னும் ஆண்பிள்ளையைத் தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் முதலில் பின்னிய காலுறை யானைக்கும் பெரிதாக விரிந்தது. கண்ணிகள் தவறி ஓட்டைகள் விழுந்தன. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டதால் கடைசிக் கண்ணியை எப்படி முடிச்சிடுவது என்று தெரியவில்லை. அதில் ஓர் ஊக்கைக் குத்திவைத்தார். நண்டு மணத்த அந்த வெள்ளிக்கிழமை, விருந்தாளிகள் போனதும், நல்லம்மா ஆத்திரத்தில் அந்தக் காலுறையைத் தூக்கிச் சட்டியின் மேல் எறிந்தார். அது சட்டிக்கு அளவாகப் பொருந்தியது. மணம் நின்றது. ஓட்டை விழுந்த இடங்களில் மட்டும் நூல்நூலாக வெளியே வந்தது.

அன்றிலிருந்து நல்லம்மா தம்பியின் பின்னலைப் பழிக்கவில்லை. பின்னச் சொல்லி விரட்டினார். ஏனென்றால் அருந்ததிக்கு பட்டர்வொர்த் ரயில்வேயில் கிளார்க்காக இருந்த தம்புவைப் பேசியிருந்தார்கள். மணமாகாத பெண்களின் பெயர்களை ஜப்பான்காரர்கள் வேலைக்கென்று எழுதிக்கொண்டு போகிறார்கள் என்ற பேச்சு தெருத்தெருவாக நடந்த நேரம். மார்கழி பிறப்பதற்குள் அவள் கழுத்தில் தாலி ஏற வேண்டும். மாப்பிள்ளையின் தகப்பன், பாகான் டாலாமில் இருந்த கந்தப்பு, மச்சம் புழங்கும் வீட்டில் தண்ணீரும் குடிக்காதவர் என்று பெயர் வாங்கியவர். ஜெலுத்தோங்கில் மணத்தது சம்பானேறி பாகான் டாலாம் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும்? அலாவுதீன் கிழங்கை மட்டுமா ஏற்றி இறக்கினார்? "கண்ணியைப் பார்த்துப் போடடா! ஒரு ஓட்டையால ஒரு நண்டு போகுது!" என்று நல்லம்மா பக்கத்தில் நின்று கத்தினார். தியாகராஜா பின்னினார், பிரித்தார், மறுபடி பின்னினார். ஆனால் பின்னல் இறுக இறுகச் சமையலும் தேறிக்கொண்டே போனது. சமையலை விடு என்றால், "ரெண்டும் பழகுற நேரத்தில ஒண்டை விட்டா மற்றதும் போயிடும்" என்றார். ஐந்தாவது உறையில் ஓர் ஓட்டையும் இல்லை. ஊக்கு மட்டும் இருந்தது.

பெண் பார்க்க ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வருவதாகக் கந்தப்பு சொல்லியனுப்பினார். ஜப்பான்காரன் தீவின் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளியிருந்தான். நல்லம்மா தள்ளவில்லை. சூரியனுக்கு உத்தரவு போட இவன் யார் என்பது அவர் கேள்வி. அன்று தன் கையாலேயே சமைத்துப் பரிமாறுவது என்று முடிவு செய்திருந்த அவர், தன் கடிகாரத்தில் பத்தரைதானே என்று குளிக்கப் போனபோது, கந்தப்புவும் அவர் மனைவி கனகேஸ்வரியும் தோக்கியோவின் பன்னிரண்டு மணிக்குச் சரியாக வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். வீட்டில் தயாராக இருந்தது தியாகராஜாவின் சட்டி ஒன்றுதான். அவர் அதை உறையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

நல்லம்மா ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்தபோது கனகேஸ்வரி அந்த உறையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆர் பின்னினது? நல்ல இறுக்கமா இருக்கு. இதென்ன, நூல் தொங்குது?" என்று சொல்லி நுனியைப் பிடித்து இழுத்தார். ஊக்கு அதில் இல்லை. கடையில் ஊக்கு காணாமல்போய் ஒரு வருடமாகிறது. சேலைத் தலைப்புக்கு வேறு வழியில்லாமல் அருந்ததி கழற்றியிருந்தாள். அது அவள் தோளில் பளபளத்தது. உறை வரிசை வரிசையாகக் கழன்று, இறங்கி, கனகேஸ்வரியின் மடியில் நூலாகக் குவிந்தது. குடும்ப மானம் அவிழ்வதை நல்லம்மா நின்றபடியே பார்த்தார். பிறகு நண்டு வந்தது. கூடம், முற்றம், வேலி எல்லாம் நிறைந்தது. வேலிக்கு அப்பால் தனலெட்சுமி, "வந்துருச்சுடி!" என்று யாருக்கோ சத்தம் போட்டாள்.

கந்தப்பு எழுந்து போகவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். தியாகராஜா கிழங்கை வைத்தார். கந்தப்பு கண்ணை மூடிக்கொண்டு தின்றார். மறுபடியும் கேட்டுத் தின்றார். இரண்டு வருடமாகக் கிழங்கு தின்று ஒட்டிப்போன அந்தக் கன்னங்கள் மெல்ல அசைவதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். கடைசியில், கண்ணைத் திறக்காமலே, "எல்லாம் சரி. ரெண்டு பிடி முருங்கையிலை போட்டிருக்கோணும்" என்றார்.

நண்டுக் கறிக்கு முருங்கையிலை போடுவது யாழ்ப்பாணத்தில் நண்டு சமைக்கிறவர்களுக்கும் தின்கிறவர்களுக்கும் மட்டுமே தெரிய வேண்டிய சங்கதி. கனகேஸ்வரி கூரை முகட்டைப் பார்த்தார். அப்போது நல்லம்மாவின் வாயும் அவரைக் கேளாமல் திறந்தது: "முதலே போட்டாக் கைக்கும். இறக்கேக்கதான் போடோணும்."

கந்தப்பு நல்லம்மாவைப் பார்த்தார். நல்லம்மா கந்தப்புவைப் பார்த்தார். எங்கே, எப்போது, யார் வீட்டில் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. கந்தப்பு கை கழுவிவிட்டு வந்து, "நல்ல சைவக் குடும்பம். நாள் பாப்பம்" என்றார். "உங்கட குடும்பம் மட்டும் என்னவாம்" என்றார் நல்லம்மா, முதுகை நிமிர்த்தி.

கடைசிக் கண்ணிக்குள் நூலை விட்டு இழுத்து முடிச்சிட வேண்டும் என்பதைப் போகும்போது கனகேஸ்வரி தியாகராஜாவுக்குக் காட்டிக்கொடுத்தார். அதன் பிறகு அவர் பின்னியது எதுவும் அவிழவில்லை. சட்டிக்குத்தான் உறை தேவைப்படவில்லை. நல்லம்மா நாள்தோறும் தம் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போது அடுப்படி ஜன்னலைத் திறந்துவிடுவார். அக்கம்பக்கத்தார் தங்கள் வெறுங்கிழங்கைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வேலியோரம் நின்று தின்றுவிட்டுப் போவார்கள். நின்று தின்பது அழகில்லை என்று நல்லம்மா திட்டுவார், ஜன்னலைச் சாத்தமாட்டார். அருந்ததியின் முதல் பிள்ளைக்கு, அவிழ்ந்த அந்தக் கம்பளியிலேயே தாத்தா தியாகராஜா தொப்பி பின்னினார். துவைத்தாலும் அது நண்டு மணத்தது. பிள்ளை நன்றாகத் தூங்கியது.

கார்த்திகையில் நடந்த அந்தக் கல்யாணப் பந்தியில் நண்டு பரிமாறினார்கள் என்று பாகான் டாலாமில் சிலர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பொய். பரிமாறியது மரவள்ளிக்கிழங்கு. முருங்கையிலை போட்டது உண்மை. அதுவும் இறக்கும்போதுதான் போட்டது.