நெகட்டிவ் ராணி

என் மனைவிக்கு அவள் வேலை பார்க்கும் லேபில் ‘நெகட்டிவ் ராணி’ என்று பெயர். பாராட்டித்தான் வைத்தார்கள். பால்வினை நோய்களுக்கான ரத்தப் பரிசோதனை அவள் பொறுப்பு. பரிசோதனை மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, நோய் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த ரத்தம் கொஞ்சம் வேண்டும். மருந்து டப்பாவோடு அதற்கென்று ஒரு குப்பி வரும், பாதியிலேயே தீர்ந்துவிடும். உடனே எல்லாரும் இவள் பக்கம் திரும்புவார்கள். இவளும் பெருமையாகக் கையை நீட்டுவாள்.

ராத்திரி சாப்பாட்டோடு எனக்குப் பாடம் நடக்கும். “முதல் டெஸ்ட்ங்கறது வலைங்க. மீனும் மாட்டும், பிஞ்ச செருப்பும் மாட்டும். வேற ஏதாவது காரணத்தால உடம்பு கலங்கியிருந்தாக்கூட ‘இருக்கு’ன்னு காட்டிடும். ரெண்டாவது டெஸ்ட்தான் அந்தக் கிருமிக்குன்னே உள்ள அடையாளத்தத் தேடும். அதுக்குள்ள ஜனங்க வீட்டுக்குப் போய் மண்டைய உடைச்சுக்கறாங்க!”

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து சீட்டில் யார் கத்தினாலும் முகம் மாறாமல் தலையாட்டுவது என் தொழில். வீட்டிலும் ஆட்டுவேன்.

ஒருநாள் சாயங்காலம் அவள் பையைக்கூட இறக்காமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மகள் டியூஷன் போயிருந்தாள்.

“எங்கிட்ட எதையாவது மறைக்கிறீங்களா?”

“அது... சின்னக் கீறல்தான்மா. கேட் ஓரமா உரசிடுச்சு.”

“நான் காரையா கேட்டேன்?”

அப்புறம்தான் குண்டைத் தூக்கிப் போட்டாள். வழக்கம்போல் குப்பி தீர்ந்து, தன் ரத்தத்தையே மருந்தோடு கலந்து பரிசோதனை அட்டையில் விட்டிருக்கிறாள். நோய் இல்லையென்றால் மருந்தில் இருக்கும் கறுப்புத் துகள்கள் பரவலாக அப்படியே கிடக்க வேண்டுமாம். கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டன. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கிறதென்று அர்த்தம்.

“திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன். வந்தவங்க எல்லாருக்கும் ‘இல்ல’ன்னு வருது. எனக்கு மட்டும் இருக்குன்னு வருது. நான் எங்கயும் போகலியே!”

நானும் எங்கேயும் போகவில்லை. அப்படியென்றால்... என்று என் மனசு ஒரு நொடி எங்கேயோ பாய்ந்தது. பதினேழு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பற்றி! கற்றுக்கொடுக்கிற காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிப்பதுபோல் மிதித்து மனசை நிறுத்தினேன்.

“செருப்பா இருந்தா?” என்றேன்.

“என்னது?”

“வலையில பிஞ்ச செருப்பும் மாட்டும்னு நீதானே சொல்லுவ.”

“அது மத்தவங்களுக்குச் சொல்றதுங்க!” என்று உடைந்து அழுதாள். தோளைத் தொடப் போனேன். நகர்ந்துகொண்டாள். கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இவள் என்னை நம்பாமல் போய்விட்டால், எத்தனை அட்டை காட்டி நம்ப வைப்பேன்?

மறுநாள் காலை ரெண்டு பேரும் லேபுக்குப் போனோம். லேபை நடத்தும் டாக்டரம்மா எங்கள் ரெண்டு பேர் ரத்தத்தையும் தானே எடுத்தார். என் மனைவியை உள்ளே விடவில்லை. “இன்னிக்கு நீ பேஷன்ட். வெளிய உக்காரு” என்றுவிட்டார்.

நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. “இது ஆடுதே! இத்தனை நாள் ஒருத்தரும் சொல்லலியே” என்று எரிந்து விழுந்தாள். இடம் இருந்தும் எனக்கும் அவளுக்கும் நடுவில் கைப்பையை வைத்தாள்.

மத்தியானம் டாக்டரம்மா வந்தார். “அவருக்கு ரெண்டு டெஸ்ட்லயும் ஒண்ணும் இல்ல. உனக்கும் ரெண்டாவது டெஸ்ட் சுத்தமா நெகட்டிவ். இந்த நோய் உனக்கு வரவே இல்லம்மா.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளோ பையைப் பார்த்தபடி, என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தாள்.

“சரி, முதல் டெஸ்ட் எதைப் பாத்துக் கத்திச்சு? காய்ச்சல் வந்துதா? ஏதாவது ஊசி போட்டுக்கிட்டியா? மூட்டு வலி?”

எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள்.

“பீரியட்ஸ்?”

“அது நின்னுட்டு வருது டாக்டர். நாப்பத்தொண்ணு ஆகுதில்ல...”

டாக்டரம்மா அலமாரியிலிருந்து ஒரு பரிசோதனைப் பட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பாத்ரூமிலிருந்து வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. பட்டையில் பளிச்சென்று ரெண்டு கோடு.

“கர்ப்பமா இருந்தாலும் அந்த முதல் டெஸ்ட் சில பேருக்குத் தப்பாக் காட்டும்” என்று டாக்டரம்மா சிரித்தார். “தெரியாதா உனக்கு?”

தெரியாமல் என்ன! எத்தனையோ கர்ப்பிணிகளுக்கு இவளே சொல்லியிருக்கிறாள். தன் வயிறு மட்டும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

“இதுவும் முதல் டெஸ்ட்தானே டாக்டர்” என்றாள் பலவீனமாக. “தப்பாக்கூட...”

“செருப்பு இல்லம்மா” என்றேன். “இது மீன்.”

லேபே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல், என் சட்டை முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்கேன் அறைக்கு நடந்தாள். வழியெல்லாம் புலம்பல். பத்தாவது படிக்கிற பொண்ணு கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது, ஊர் சிரிக்காதா, எல்லாம் உங்களாலதான்.

“ஆமா, என்னாலதான்” என்றேன். சொல்லும்போது எனக்கே தாங்க முடியாத பெருமையாக இருந்தது.

இருட்டறையில் திரை மினுங்கியது. ஒரு பயறளவுப் புள்ளிக்குள் ஏதோ விடாமல் துடித்தது. நேற்று மாலையிலிருந்து என்னைத் தொடாத கை, இருட்டில் தேடி வந்து என் விரல்களை இறுக்கிப் பிடித்தது.

“ரெண்டாவது டெஸ்ட்லயும் பாசிட்டிவ்ங்க” என்றாள் நெகட்டிவ் ராணி.