ஜுல்பிகருக்கு ஒரு ஜோடி

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டர் வாசலில் கிடைத்தது. சின்னசேலத்தில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கக் காத்திருந்தேன். வலியை மறக்கப் போனைத் தள்ளிக்கொண்டே போனபோது ஓர் ஆய்வறிக்கை வந்து மாட்டியது. உருமாறிய கொரோனாவுக்கென்று மாற்றிச் செய்த தடுப்பூசி எவ்வளவு வேலை செய்கிறது என்று ஆஸ்பத்திரிப் பதிவுகளை வைத்து அளந்திருந்தார்கள். எனக்குக் கணக்கு சுத்தமாக வராது. ஆனாலும் ஒரு வரி பிடித்துக்கொண்டது. புது ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொருவருக்கும், போட்டுக்கொள்ளாத ஒருவரை ஜோடி சேர்ப்பார்களாம். அதே வயது, அதே வட்டாரம், அதே வியாதி. அப்புறம் இருவரில் யார் படுக்கிறார், யார் நடமாடுகிறார் என்று பார்ப்பார்களாம்.

அப்படியானால் செத்துப்போன ஒருவருக்கு, அவரைப் போலவே ஒருவர் எங்கோ உயிரோடு இருக்கிறார். இது அவர் மனைவிக்குத் தெரிந்தால் என்ன செய்வாள்?

உள்ளே கூப்பிட்டார்கள். பல்லைக் கொடுத்துவிட்டுக் கதையோடு பஸ் ஏறினேன்.

(அந்தப் புது ஊசி நிஜமாகவே கல்வராயன் மலைக்கு வந்ததா என்று சண்டைக்கு வராதீர்கள். கதைக்காக நான்தான் அதை ஜீப்பில் ஏற்றி அனுப்பினேன். இதில் வரும் ஆய்வும் என்னுடையதே.)

2

முதல் தொடக்கம்: "கல்வராயன் மலை மீது மேகங்கள் மெல்லத் தவழ்ந்து…" வேண்டாம். மேகத்தில் ஆரம்பித்து உருப்பட்ட கதை எதையும் நான் எழுதியதில்லை.

இரண்டாவது: "புள்ளியியல் படித்த சுபாஷ் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். அவன்…" அவன் என்ன? அவனுக்கு இழக்க எதுவுமே இல்லை. சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது: ஹப்சாவுக்குத் தன் கணவனை ரொம்பப் பிடிக்கும்.

இது காலூன்றி நிற்கிறது. இங்கிருந்தே போகலாம்.

3

ஹப்சாவுக்குத் தன் கணவனை ரொம்பப் பிடிக்கும். ஜுல்பிகருக்குக் கரியாலூரில் மளிகைக் கடை. புளியும் கடுக்காயும் வாங்கி விற்பார். வாரமெல்லாம் மலையில் இருந்துவிட்டு ஜும்மாவுக்குக் கள்ளக்குறிச்சி இறங்குவார். ஊசி முகாம் நடந்த அன்று புளி லோடு வந்துவிட்டது. அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். காய்ச்சல் அதற்கு முன்னால் வந்தது. சர்க்கரை உடம்பு, தாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஹப்சாவுக்குக் கள்ளக்குறிச்சியிலேயே ஒரு வேலை கிடைத்தது. டாக்டர் சிவசங்கர் நடத்தும் ஆய்வில் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலை. சந்தேகமான பதிவு வந்தால் பேரும் போன் நம்பரும் அவள் திரைக்கு வரும். போன் போட்டு, "ஊசி போட்டீங்களா, எப்ப?" என்று கேட்க வேண்டும். மற்றவர்களெல்லாம் வெறும் எண்கள்தான்.

ஒருநாள் அப்படி ஒரு ஜோடி வந்தது. ஊசி போடாத பக்கத்தில் பேர் இல்லை. வயது இருந்தது, வட்டாரம் இருந்தது, சர்க்கரை இருந்தது, இறந்த தேதி இருந்தது. பேர் எதற்கு? தன் வீட்டுச் சாவு தேதி யாருக்குத்தான் அடையாளம் தெரியாது?* ஊசி போட்ட பக்கத்தில் சின்னராசு என்று ஒருவர். அதே வயது, அதே சர்க்கரை, அதே மலை. உயிரோடு இருக்கிறார்.

சிவசங்கரிடம் அவள் எதையும் சொல்லவில்லை. பொதுவாகக் கேட்பதுபோல் மட்டும் கேட்டாள்.

"சார், ஒரு ஜோடியில தப்பு இருந்தா இன்னா சார் பண்ணுவோம்?"

"பிரிச்சிடுவோம்மா. கம்ப்யூட்டர் வேற ஆளத் தேடும். கெடைக்கலன்னா அந்த ஆளு கணக்குலயே இருக்க மாட்டாரு. ஏன், எதுனா தப்பா இருக்குதா?"

"இல்ல சார். சும்மாதான்."

* ஒரு வாசகர் கேட்கலாம்: சொந்தக்காரர் பதிவை அவளே பார்ப்பது முறையா? முறையில்லை. அவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

4

சின்னராசு பதிவு ஏன் சந்தேகமானது? அதே போன் நம்பரில் இன்னும் பலர் இருந்தார்கள். ஹப்சா அந்த நம்பருக்குப் போட்டாள். எடுத்தவர் ஜீப் ஓட்டும் பச்சமுத்து.

"சின்னராசா? இருக்காரு மேடம். போன்தான் என்னுது. டவர் இல்லாத ஊருக்காரங்க ஊசிக்கு, ரேஷனுக்கு, அல்லாத்துக்கும் நம்ம நம்பரத்தான் குடுப்பாங்க. ஓடிபி வந்தா நான் சொல்லிவுடணும். நீங்க நேர்ல வந்தாத்தான் அவரப் புடிக்கலாம்."

சரிபார்க்கத்தான் போகிறேன் என்று ஹப்சா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய். அவள் பார்க்கத்தான் போனாள். கச்சிராயபாளையம் தாண்டி ஜீப் மலை ஏறும்போது அவள் நினைத்ததெல்லாம் இவ்வளவுதான்: இந்நேரம் ஜுல்பிகருக்கு எவ்வளவு நரைத்திருக்கும்? தொப்பை கூடியிருக்குமா? கட்டிலிலிருந்து எழும்போது முட்டியைப் பிடித்துக்கொள்வாரா? அந்த ஊசியை மட்டும் போட்டிருந்தால் எப்படி இருந்திருப்பாரோ அந்த ஆளைத் தூரத்திலிருந்தாவது ஒருமுறை பார்த்துவிட வேண்டும். [இந்த இடத்தில் அழகாக ஓர் உவமை எழுதி அடித்துவிட்டேன். அவளுக்கு அவர் வேண்டும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.]

5

சின்னராசு மரவள்ளிக் கிழங்கைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். ஜுல்பிகரைவிடக் குள்ளம். காது பெரியது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஜாடை இல்லை. ஹப்சாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"வாங்க பாயம்மா, குந்துங்க. பச்சமுத்து சொன்னாப்ல."

"ஊசி போட்டப்புறம் ஒடம்புக்கு எதுனா பண்ணுச்சாங்க?"

"எனக்கு இன்னா பண்ணும்? போட்டுக்கினது எந் தம்பி."

"உங்க பேர்ல இருக்குதே?"

"அவனுக்கு ஆதார் இல்ல. கார்டு இல்லாம போட மாட்டன்னுட்டாங்க. எனக்கு ஊசின்னாலே ஆவாது. ஆனா நான் வேலைக்குப் போற குடகு எஸ்டேட்டுல சர்டிபிகேட்டு கேட்டாங்க. தம்பி எங் கார்ட எடுத்துக்கினு போயி குந்திட்டான். ஊசி அவனுக்கு, சர்டிபிகேட்டு எனக்கு. யாருக்கும் நஷ்டமில்ல."

"அப்பறம் உங்களுக்குக் காய்ச்சல் வரவேயில்லையா?"

"வந்திச்சி. படுத்தேன், எழுந்துக்கினேன்."

(இடையில் நான் ஒரு வார்த்தை. ஊசி போடாமல் ஒருவர் பிழைத்தார் என்பதற்காக ஊசியைத் திட்டாதீர்கள். ஒரே ஆளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாததால்தான் ஆயிரக்கணக்கில் ஜோடி சேர்க்கிறார்கள். இதை ஹப்சாவே எத்தனையோ பேருக்குப் போனில் விளக்கியிருக்கிறாள். தெரிந்திருந்தும் அவளுக்கு வயிறு எரிந்தது. இந்த ஆள் ஊசியால் பிழைத்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம். சும்மாவே பிழைத்திருக்கிறார்.)

சின்னராசு அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க கடக்கார பாயி வூட்டம்மாவா?"

அவள் தலையாட்டினாள்.

"நெனச்சேன். சாயங்காலமானா கடய வுட்டுட்டு மேல ரோட்டு வளைவுக்கு வருவாரு. அங்கதான் டவர் எடுக்கும். புளி வெல, கொயந்த பள்ளிக்கூடம்னு பேசிக்கினு இருப்பாரு. போன வெச்சப்புறமும் போவ மாட்டாரு பாயம்மா. அந்தக் கள்ளக்குறிச்சிப் பக்கமே பாத்துக்கினு கொஞ்ச நேரம் நின்னுக்கினே இருப்பாரு. நாங்க கிண்டல் பண்ணுவோம்."

ஹப்சாவுக்கு இது தெரியாது. அவர் போனை வைத்ததும் அவள் உலை வைக்கப் போய்விடுவாள். அதற்கு அப்புறமும் ஒருவர் அங்கே நின்றுகொண்டிருந்தார் என்று இப்போதுதான் கேட்கிறாள். மரவள்ளிச் சாக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். சின்னராசு தண்ணீர் கொண்டுவரப் போனார்.

6

இனி முடிவு. கைவசம் சில இருக்கின்றன.

ஒன்று: சின்னராசு பேரில் ஊசி போட்டுக்கொண்டது தம்பி இல்லை, ஜுல்பிகரே. ஊசி போட்டவர் செத்தார், போடாதவர் பிழைத்தார், ஜோடி தலைகீழ். எழுதியும் பார்த்தேன். விசை வைத்த பெட்டிபோல் டக்கென்று மூடிக்கொண்டது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இரண்டு: ஹப்சா பதிவை அப்படியே விட்டுவிடுகிறாள். "சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு தட்டு, அவ்வளவுதான். ஜுல்பிகர் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பார். அவர் சாவு வீண்போகாமல் ஏதோ ஒரு சதவீதத்தில் உட்கார்ந்திருக்கும். தப்பைத் திருத்தினால் ஜோடி பிரியும், வேறு ஆள் கிடைக்காவிட்டால் அவர் கணக்கிலிருந்தே போய்விடுவார். அவளுக்கு இன்னொரு தடவை அவரை மண்ணுக்குள் இறக்கி வைக்கத் தெம்பில்லை. இந்த முடிவைத்தான் நான் அவளுக்குக் கொடுக்க நினைத்தேன்.

மூன்று: எழுதுகிறவன் நான்தானே? நாலு வாக்கியம் போதுமே. "அன்று புளி லோடு வரவில்லை, ஜுல்பிகர் கடையைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ராத்திரி லேசாக உடம்பு காய்ந்தது. வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கீழே இறங்கினார். ஹப்சா கதவைத் திறந்து, இன்னா இவ்ளோ லேட்டு என்று…"

என்று?

மேலே எழுத வரவில்லை. அவர் உள்ளே வந்துவிட்டால், வளைவில் நின்ற கதையை அவளுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்காக ஒரு மனிதனைச் சாகவிடுவதா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் வாக்கியம் நகரவே மாட்டேன் என்கிறது. அந்தக் கதவை அப்படியே திறந்து வைத்திருக்கிறேன்.

7

ஹப்சா நான் கொடுத்த எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஆபீசுக்குப் போய், நேராகச் சிவசங்கர் மேசை முன்னால் நின்றாள்.

"சார், சின்னராசு ஊசி போடல. தம்பி போட்டிருக்காரு. அந்த ஜோடியில இன்னொருத்தரு எங்க வூட்டுக்காரரு சார்."

சிவசங்கர் கண்ணாடியைக் கழற்றினார்.

"திருத்திதாம்மா ஆவணும். நான் பண்றேன், நீ வூட்டுக்குப் போ."

"இல்ல சார். பொய்யான ஆளப் பக்கத்துல வெச்சிக்கினு அவரு இருக்க வாணாம். நானே மாத்துறேன், நீங்க கூட நில்லுங்க."

அவர் பக்கத்தில் வந்து நின்றார். சின்னராசுக்கு நேரே "போடவில்லை" என்று மாற்றினாள். ஜோடி பிரிந்தது. ஜுல்பிகரின் எண் திரையில் தனியாக நின்றது. கீழே ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. அவரைப் போன்ற, ஊசி போட்டுக்கொண்ட ஓர் ஆளைத் தேடுகிறது. மலையில் ஜனம் கம்மி, சீக்கிரம் கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் இருவரும் அங்கேயே நிற்கிறார்கள்.

கிடைத்ததா என்று நான் எழுதப்போவதில்லை. உங்களிடம்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு ஐம்பதை ஒட்டிய வயதா? சர்க்கரை உண்டா? அந்த ஊசியைப் போட்டுக்கொண்டது நீங்களேதானா? அப்படியானால் கொஞ்சம் இப்படி வந்து, அவர் பக்கத்தில் நில்லுங்களேன். ஹப்சா உங்களைப் பார்க்கக் காத்திருக்கிறாள்.