பதில் சொல்லத் தெரியாதவர்

நூலகத்துக்குள் வாய்விட்டுப் படிக்கக் கூடாது என்பதால், சாதியாவும் அவளோடு அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் பின்பக்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டில்தான் உட்காருவார்கள். தகரக் கூரை. மத்தியானத்தில் தலைக்கு மேல் அடுப்பைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். வெயில் தாழ்ந்தால் கொஞ்சம் தேவலாம். சைக்கிளில் இப்போது யார் வருகிறார்கள்? இடத்துக்குப் போட்டி இல்லை.

பாடங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டதில் சாதியாவுக்கு வந்தது பொது அறிவும் நடப்பு நிகழ்வுகளும். அவள் கேட்டு வாங்கியது என்றே சொல்ல வேண்டும். வேதியியல் படித்த பெண்தான். ஆனால் பள்ளிக்கூட நாளிலிருந்தே செய்தி என்றால் ஒரு கிறுக்கு. மெயின் பஜாரில் அவள் அத்தா கமாலுதீன் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிற பேப்பரை அத்தாவுக்கு முன்னால் அவள் படித்து முடித்திருப்பாள். எங்கோ ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்ந்தால் இவள் இரண்டு நாளைக்கு அதைப் பற்றியே பேசுவாள். "அங்க உனக்கு யாரு இருக்கா?" என்று அம்மா சைபுன்னிசா கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. ஊர் உலகத்தில் நடப்பதைத் தெரிந்து வைத்திருக்கிறவர்களை யாரும் ஏமாற்ற முடியாது என்று அவள் உள்ளூர நம்பினாள். அவ்வளவுதான்.

சைக்கிள் ஸ்டாண்டில் அவளுக்குச் சரியாக ஈடுகொடுத்தவன் சிவசங்கர். கேள்வி பாதியில் இருக்கும்போதே பதில் விழும். சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்புக்கு வெளியே அவன் கிராமம். அப்பா குழந்தைவேல் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பெர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. அதனால் மகனுக்கு எப்படியாவது ஒரு அரசு உத்தியோகம் என்று வீடே தவம் கிடந்தது. சிவசங்கரும் ஊர் சுற்றாமல், ஒரு கெட்ட வழக்கம் இல்லாமல் படித்தான். சாதியாவை விட இரண்டு வயது இளையவன். "சாதியாக்கா, இன்னும் கஷ்டமா கேளுங்க" என்பான்.

அந்த வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் எல்லார் போனுக்கும் வந்தது. ஒரு பெண் அழுதுகொண்டே பேசுகிறாள். வடக்கேயிருந்து ஒரு கும்பல் இறங்கியிருக்கிறதாம். பைத்தியக்காரன் போலவும் பிச்சைக்காரன் போலவும் வேஷம் போட்டுக்கொண்டு பிள்ளைகளைத் தூக்குகிறதாம். வடலூரில் ஒரு குழந்தை போய்விட்டதாம். கூடவே ஒரு படம். வரிசையாகத் துணி மூடிக் கிடத்திய சின்னச் சின்ன உடல்கள்.

சாதியா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பின்னால் ஒரு கட்டடம், அதன் நெற்றியில் அரபி எழுத்து. குர்ஆன் ஓதக் கற்றுக்கொண்ட எழுத்து, கூட்டி வாசித்தாள். போனில் அர்த்தம் தேடினால் மருத்துவமனை என்று வந்தது. ஏதோ ஒரு தேசத்துப் பூகம்பத்தின்போது இதே படத்தை அவள் பேப்பரில் பார்த்தும் இருந்தாள். அன்று மாலை போனை நடுவில் வைத்து எல்லாருக்கும் காட்டினாள். காவல்துறை மறுத்து வெளியிட்ட அறிக்கை பேப்பரில் ஒரு மூலையில் வந்திருந்தது. அதையும் உரக்கப் படித்தாள்.

"எந்த ஊர்லயும் எந்தப் புள்ளையும் காணாமப் போகல. இது சுத்தப் பொய். யாரும் யாருக்கும் அனுப்பாதீங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். எழில்மதி என்கிற பெண் பேனாவைத் திறந்துகொண்டு, "இத எழுதிக்கணுமாக்கா? கேள்வி வருமா?" என்று கேட்டாள்.

"இது பரீட்சைக்கு இல்ல எழில்."

"பொய்யாவே இருக்கட்டும்க்கா," என்றான் சிவசங்கர். "எங்க அக்கா புள்ள வேன்ல ஸ்கூலுக்குப் போயிகினு வருது. நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா பேப்பர்காரனா வந்து நிப்பான்? எதுக்கும் உஷாரா இருக்கறதுல தப்பு இல்லயே."

அந்தப் பேச்சில் குற்றம் சொல்ல அவளுக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

மறுநாளைக்கு மறுநாள், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அவள் நூலகத்துக்குப் புறப்பட்டாள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கூட்டம். யாரோ வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தாள். நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். அழுக்கு வேட்டி, சட்டைக்கு மேல் சட்டை. பக்கத்தில் ஒரு உரச்சாக்குப் பை கொட்டிக் கிடந்தது: ஒரு தட்டு, ஒரு டம்ளர், இரண்டு பிஸ்கட் பாக்கெட். வடலூர் தர்மசாலையில் சாப்பிட்டுவிட்டு ரோடோடு நடந்து வருகிறவர்களை அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். அவர்களில் ஒருவர். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு குழந்தையிடம் பிஸ்கட்டை நீட்டியிருக்கிறார். ஒரு தாய் கத்தியிருக்கிறாள். அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

அவருக்கு முன்னால் குந்திக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவன் சிவசங்கர்.

"பேரு என்ன? ஊரு எது? வாயத் தொற."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். சத்தம் வரவில்லை.

"தமிழாளான்னு பாரு தம்பி," என்றார் ஒருவர்.

"தமிழ்நாட்டுக்குத் தலைநகரம் எது, சொல்லு. சொல்லுய்யா. முதலமைச்சர் யாரு?"

பதில் இல்லை. பின்னாலிருந்து ஒரு கை அவர் கன்னத்தில் விழுந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நாலைந்து பேர் போனை மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"சுதந்திர தினம் எப்போ? அதுகூடவா தெரியாது? பாத்தீங்களாண்ண, ஒண்ணுத்துக்கும் வாயத் தொறக்கல. இவன் நம்ம ஊர்க்காரனே கெடையாது."

அதே வேகம், அதே தெளிவு. சைக்கிள் ஸ்டாண்டில் கேட்கிற அதே குரல்.

"சிவா!" கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள். "என்ன பண்ற? அந்த மெசேஜ் பொய்னு சொன்னனா இல்லயா? படம் எந்த ஊர்ப் படம்னு காட்டினனா இல்லயா? அவரு வடலூர்ல சாப்புட்டு வர்ற ஆளு. எழுந்திரு!"

சிவசங்கர் நிமிர்ந்து பார்த்தான். ஒரு விநாடி அவன் முகம் தடுமாறியது. "அக்கா, நீங்க போங்கக்கா. இது வேற."

"என்ன வேற?"

"நீ யாரும்மா நடுவுல?" என்று ஒரு ஆள் குறுக்கே வந்தான். "புள்ளைக்கு பிஸ்கட்டு குடுத்து இழுத்தத பொம்பள ஒருத்தி கண்ணால பாத்திருக்கா. உனக்கென்ன, அவன் சொந்தமா? எந்த பிளாக்கு நீ? பேரென்ன?"

அவள் பேரைச் சொன்னாள்.

"ஓ," என்றான் அவன். அந்த ஒரு 'ஓ'வில் பக்கத்தில் நின்றவர்கள் அவளையும் அவள் தலைத்துணியையும் ஒருமுறை பார்த்தார்கள். கூட்டம் அவளை விட்டு லேசாக விலகியது. இதே பஜாரில் வளர்ந்தவள். எத்தனை பேர் வீட்டு மிக்சியை அவள் கையால் வாங்கி வைத்திருப்பாள்! ஒருத்தர் முகமும் தெரிந்த முகமாக இல்லை.

விலகி நின்று போலீசுக்குப் போன் போட்டாள். இடம் சொன்னாள், திரும்பவும் சொன்னாள். அவள் சொல்லி முடிக்குமுன் கூட்டத்தில் சத்தம் மாறிவிட்டது. என்ன நடந்தது என்பதை அவள் முழுதாகப் பார்க்கவில்லை. கால்களுக்கு நடுவே ஒரு கட்டை ஏறி இறங்குவது தெரிந்தது. பிடித்திருந்தது யார் என்று தெரியவில்லை. ஜீப் வந்தபோது ஆட்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். அவர் மட்டும் தட்டுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார்.

கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை.

இறந்தவர் யார் என்று கண்டுபிடிப்பதில் சிரமமே இருக்கவில்லை. பிள்ளை பிடிக்கிறவன் மாட்டிக்கொண்டான் என்று எழுதி அனுப்பிய வீடியோ நெல்லிக்குப்பம் வரைக்கும் போனது. அங்கே பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "அத்த, இது நம்ம மாமா மாதிரி இருக்குது பாரு" என்று அவர் வீட்டில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான்.

சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்குப் போனபோது சாதியா அவர் மனைவியைப் பார்த்தாள். பெயர் பார்வதி. சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இறந்தவர் பழனிவேல், கரும்பு லோடு ஏற்றுகிற வேலை செய்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து பேச்சு போய்விட்டது. வேலையும் போயிற்று. வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட மனசு ஒப்பாமல், வடலூருக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நாலு நாள் கழித்து வருவார். தானாகவே வந்துவிடுவார் என்பதால் யாரும் தேடுவதில்லை.

"நீதான் போன் பண்ணினியாம்மா?"

"ஆமாங்க."

"என்னா கேட்டாங்க அவர?"

"பேரும் ஊரும் கேட்டாங்க."

"ஊரு பேரச் சொன்னா தலையாட்டுவாரும்மா. நெல்லிக்குப்பமான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா ஆமான்னு ஆட்டியிருப்பாரு. வாய்தான் வராது. காது நல்லாக் கேக்கும்." அந்த அம்மா யோசித்துவிட்டு மறுபடியும் கேட்டார்: "வேற ஒண்ணும் கேக்கலியா?"

"இல்லீங்க," என்றாள் சாதியா.

முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அத்தா ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். "நாம இங்க பொழைக்க வந்தவங்க. கடை அங்கேயேதான் இருக்கணும். பாத்துச் சொல்லும்மா." சொல்லாதே என்று அவரும் சொல்லவில்லை. எழுதிக்கொண்ட போலீஸ்காரர் யாரையாவது அடையாளம் தெரியுமா என்று கேட்டபோது, அவள் சிவசங்கர் பெயரைச் சொன்னாள். அவன் அடித்ததைப் பார்க்கவில்லை, கேள்வி கேட்டதைப் பார்த்தேன் என்றாள். வீடியோவில் அதுவே இருந்தது. அவள் சொல்லாவிட்டாலும் பிடித்திருப்பார்கள். ஆனால் சொன்னாள்.

அதற்கப்புறம் சிவசங்கரின் அப்பா குழந்தைவேல் கடைக்கு வந்தார். ஷிப்ட் முடிந்து நேரே வந்திருப்பார் போல, சட்டையெல்லாம் பழுப்பு மண். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து கமாலுதீன் எழுந்து நின்றார். வந்தவர் சண்டை போடவில்லை. உள்ளே நின்ற சாதியாவைப் பார்த்தார்.

"அவன் அடிக்கலன்னு உனக்குத் தெரியும் இல்லம்மா?"

"பாக்கலன்னுதான் எழுதிக் குடுத்திருக்கேங்க."

"கேஸு இருந்தா கவர்மென்ட் வேல கெடைக்காதாமே."

"ஆமாங்க. வெரிபிகேஷன்ல நிறுத்திடுவாங்க."

"இதெல்லாம் நல்லாத் தெரிஞ்ச புள்ள நீ," என்றார் குழந்தைவேல். "உன்கிட்டதானம்மா உக்காந்து படிச்சான். அவனுக்கு எப்படித் தெரியாமப் போச்சி?"

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவரும் பதிலுக்குக் காத்திருந்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் நடந்த பிறகு சைக்கிள் ஸ்டாண்டுக்கு அவள் போன முதல் நாள் எழில்மதி மட்டும் வந்திருந்தாள். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், வடலூரில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்த்துவிட்டார்கள் என்று சொன்னாள். சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி, "இந்த மாச நடப்பு நிகழ்வு மட்டும் அனுப்பி வையுங்கக்கா" என்றாள். மற்றவர்கள் அதையும் கேட்கவில்லை. கடைக்கு வருகிற கூட்டம் குறைந்தது. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. பழுதான மிக்சிகள் வேறு கடைக்குப் போயின. சாதியா மந்தாரக்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருக்கிற இளவட்டங்கள் குனிந்த தலை நிமிராமல் போனைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். எப்போதாவது ஒருவன் வாய்விட்டுச் சிரிப்பான், ஒருத்தி பக்கத்தில் இருப்பவளுக்குக் காட்டுவாள். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் வடலூர் பஸ் ஸ்டாண்டில் சிவசங்கரைப் பார்த்தாள். ஜாமீனில் வந்திருந்தான். இளைத்துப்போயிருந்தான். இருவருக்கும் ஒதுங்க வேறு இடம் இல்லை. ஒரே கூரையின் கீழ் நின்றார்கள்.

"ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுட்டு வறன்க்கா," என்றான் அவனாகவே.

"படிக்கிறியா?"

"எதுக்கு?"

மழை வலுத்தது. அவன் மேல் கோபம் இருக்கிறதா என்று அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். இருந்தது, ஆனால் அதோடு கூட, அவன் எதையாவது கேட்கமாட்டானா, தப்பு பண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்ற ஏக்கமும் இருந்தது. சொன்னால் போதும், அழுதுவிடலாம்.

"உங்கள ஒண்ணும் சொல்லமாட்டன்க்கா. நீங்க பாத்தத சொன்னீங்க," என்றான். பிறகு பஸ்கள் திரும்பும் பக்கம் பார்த்தபடி, "ஒண்ணே ஒண்ணுக்கு பதில் சொல்லியிருந்தாக்கூட அந்த ஆள விட்டிருப்போம்க்கா. சென்னைன்னு சொல்றதுக்கு என்ன?" என்றான்.

"அவருக்குப் பேச்சு வராது, சிவா."

"அதான் பேப்பர்ல போட்டிருந்தான்," என்றான். "எவன் கண்டான், உண்மையான்னு."

அவன் முகத்தில் வஞ்சகம் எதுவும் இல்லை. படித்த பிள்ளையின் முகம். நாலு பக்கமும் விசாரித்துத்தான் எதையும் நம்புவேன் என்கிற முகம். அந்த அம்மாளோடு பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வாதம் வந்த கதை, தலையாட்டுகிற கதை எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதையும் யார் கண்டது என்பான்.

அவன் ஊர் பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். சாதியா தன் பஸ்ஸுக்காக நின்றாள். அது வர வெகுநேரம் ஆயிற்று.