உள்பக்கம் இல்லாத வீடு

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெயபாண்டிக்குச் சொந்தமான ஓட்டு வீடு ஒன்றுக்கு மூன்று வருடமாக உள்பக்கம் கிடையாது. கதவு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, அதற்கு முந்தின பொங்கலுக்கு அடித்த பச்சைச் சுண்ணாம்புகூட மங்கவில்லை. வாசற்படி ஏறி உள்ளே கால் வைத்தால் கொல்லைச் சந்தில் வந்து நிற்க வேண்டியதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது குறுக்குவழி.

அதில் குடியிருந்தவர்கள் ஜூடுவும் அவன் மனைவி ஆனிமேரியும். ஜூடு கப்பலூரில் ஜெயபாண்டியின் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றினான். ஒருநாள் குடோனிலிருந்து செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. ஜெயபாண்டி ஜூடு பெயரை எழுதிக் கொடுத்தார். எடுத்தது தன் மருமகன்தான் என்று அந்த வாரமே அவருக்குத் தெரிந்துவிட்டது. புகாரை அவர் திரும்பப் பெறவில்லை. மகள் வாழ வேண்டும் என்று நினைத்தார்.

ஜூடு விசாரணைக் கைதியாக மத்திய சிறைக்குப் போனான். வழக்கு தொடங்குவதற்குள் சம்பளம் நின்றது, தவணை கட்டாத வண்டியை பைனான்ஸ்காரர்கள் தூக்கிப் போனார்கள், ஆனிமேரியின் கம்மல் வக்கீல் செலவுக்குப் போனது. வாடகை நின்றதும் ஜெயபாண்டி அட்வான்ஸைக் கழித்துக்கொண்டு, பாத்திரங்களைத் தெருவில் எடுத்து வைத்தார்.

"பெருக்கி விட்டுட்டுச் சாவியக் குடு" என்றார்.

ஆனிமேரி பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வாசல்வரை பெருக்கினாள். பெருக்கிய பெருக்கில் வீட்டின் உள்பக்கம் மொத்தமும் முறத்துக்கு வந்துவிட்டது. அதைக் குப்பையில் கொட்ட மனமில்லாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஜாமீன் மனு வந்தபோது, இருக்க இடமில்லாதவன் ஓடிவிடுவான் என்று அரசு வக்கீல் சொன்னார். மனு தள்ளுபடியானது. ஜூடு ஜெயிலில் இருந்ததால் வீடு போனது, வீடு போனதால் ஜெயிலிலேயே இருந்தான். சிறையில் கம்பிக்கு இப்பால் நின்று ஆனிமேரி அதை அவனுக்கு எடுத்துச் சொன்னாள். அவன் அழுதான். அவள் அழவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பிளாட்பாரத்தில் இடம் பார்த்து முடிச்சை அவிழ்த்தாள். அடுப்படி, கட்டில் போடும் மூலை, மாதா படம் மாட்டும் ஆணி எல்லாம் அதனதன் இடத்தில் விரிந்தன. மழைக்கு ஒழுகிய இடம் அங்கேயும் ஒழுகியது.

இரண்டாவது மனுவுக்காக முகவரி விசாரிக்க வந்த ஏட்டு பிளாட்பாரத்தில் திகைத்து நின்றார். "உள்ள வாங்கண்ணே" என்றாள் ஆனிமேரி. அவர் போய் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, வசிப்பிடம் உண்டு என்று எழுதிக்கொண்டு போனார். அவளுடைய அண்ணன்கள் ஜாமீன் நின்றார்கள். உள்ளே போய் ஒரு வருடத்துக்குப் பிறகு ஜூடு வெளியே வந்தான்.

அந்த மாதமே ஜெயபாண்டி வாடகைப் பாக்கி கேட்டு ஆளனுப்பினார். ஆனிமேரி அவருடைய மூன்று மாடி வீட்டுக்கே போனாள்.

"காசு இல்லண்ணே. பாக்கி கழியிற வரைக்கும் வீடு பெருக்கித் தாரேன்."

"இம்புட்டு நல்ல புத்தி அன்னைக்கே இருந்திருக்கலாம்ல" என்று அவர் விளக்குமாறு இருந்த பக்கம் கையைக் காட்டிவிட்டு, மனைவியோடு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்.

ஒருநாள் வேலைதான். ஏசி போட்ட படுக்கையறைகள், பூஜையறை, பணமும் பத்திரமும் வைத்த பீரோக்கள் எல்லாம் முறத்தில் அடங்கின. சாயங்காலம் திரும்பிய ஜெயபாண்டி கதவைத் திறந்து நுழைந்து பின்தெருவில் இறங்கினார். மறுபடி நுழைந்து பார்த்தார். பிறகு மகள் வீட்டுக்குப் போனார். மருமகன் மாமியாரை மட்டும் உள்ளே விட்டான். உள்பக்கம் இல்லாத வீட்டின்மேல் எந்த வங்கியும் கடன் தரவில்லை. மாநகராட்சி வரியைக் குறைக்கவும் இல்லை. பட்டறை கைமாறியது.

வழக்கில் ஜூடு குற்றமற்றவன் என்று தீர்ப்பானதும் ஜெயபாண்டி பிளாட்பாரத்துக்கு வந்து நின்றார்.

"தாயி, நான் ஒரு பாவமும் அறியாதவன். ஒத்த ரூம் மட்டும் குடு."

"விசாரிக்கணும்ணே" என்றாள் ஆனிமேரி. "விசாரிச்சு முடியிற வரைக்கும் வெளிய இருங்க."

விசாரணை இன்னும் நடக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் வருகிறார், அவள் அடுத்த தேதி சொல்கிறாள். "பாவம், விட்ரு ஆனி" என்று ஜூடு ஒருதடவை சொன்னான். "நான் என்ன செஞ்சுட்டேன், தேதிதான குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைக் கிளறினாள்.

பிளாட்பாரத்தில் இப்போது இரண்டு வீடுகளின் உள்பக்கம் இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கப் பழகிவிட்டார்கள்.